பெட்டியா, கதிரையா: குறைமாதப் பிள்ளைகளுக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

எங்கள் ஊர்ச் சங்கத்திடம் இப்போது முப்பது இலட்சம் ரூபாய் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற பெடியள் இரண்டு வருடமாகக் கொத்துரொட்டி விற்றும் கிரிக்கெட் போட்டி வைத்தும் சேர்த்த காசு. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்குச் செலவழிப்பது என்று தீர்மானமும் எழுதியாயிற்று. எதற்கு என்பதில்தான் இழுபறி. பெரும்பாலானவர்கள் கேட்பது பிள்ளையைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டி. "பெட்டி ஒண்டு வாங்கிக் குடுத்தால் எத்தினை உயிர் தப்பும்" என்று தலைவர் அண்ணை சொன்னால் மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? பெட்டியில் சங்கத்தின் பெயரையும் ஒட்டலாம், படமும் எடுக்கலாம்.

நான் டொக்டர் இல்லை. வன்னியில் மூன்று ஆஸ்பத்திரிகளில் களஞ்சியம் பார்த்து ஓய்வுபெற்றவன். சாமான் வந்து இறங்கும் நாளையும் தெரியும், அது கழிவுக்குப் போகும் நாளையும் தெரியும். அந்த மூன்றில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) நன்கொடையாக வந்த இன்குபேட்டர் ஒன்று களஞ்சியத்தின் பின்மூலையில் நின்றது. பிள்ளையின் தோலில் ஒட்டிச் சூட்டைப் பார்க்கிற சின்ன வயர் ஒன்று அதற்கு உண்டு. அது அறுந்துபோனது. அந்தக் கம்பனிக்கு நாட்டில் முகவர் இல்லை, வேறு கம்பனியின் வயர் பொருந்தவில்லை. இரண்டு முறை கடிதம் எழுதினோம். பிறகு பதிவேட்டில் 'பழுது' என்று எழுதி ஓரமாகத் தள்ளிவிட்டோம். மூடி நல்ல இறுக்கம், தூசு போகாது என்பதால் பழைய விநியோகத் துண்டுக் கட்டுகளை நான்தான் அதற்குள் அடுக்கினேன். வெளியில் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை கடைசிவரை பளபளவென்று இருந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. வசதி குறைந்த நாடுகளின் ஆஸ்பத்திரி உபகரணங்களை எண்ணிப் பார்த்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. எண்ணியவற்றில் 38 வீதம் வேலை செய்யவில்லை. காரணங்களும் எனக்குப் பழக்கமானவைதான்: திருத்த ஆள் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, சரியான கரண்ட் இல்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் பிள்ளைகள் 2022இல் மட்டும் 23 இலட்சம். ஆனால் இலங்கை அந்தக் கணக்கின் அடிமட்டத்தில் இல்லை. இங்கே ஆயிரம் பிறப்புக்கு நான்கு அளவில்தான் அந்த இறப்பு. இந்தியாவில் இருபதை ஒட்டி. வன்னியிலும் வீட்டுப் பிரசவம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது. ஆகவே ஆபிரிக்காவில் ஒரு வழிமுறை இத்தனை உயிரைக் காப்பாற்றியது என்றால், அதே எண்ணிக்கை மாங்குளத்திலும் வரும் என்று நினைக்கக்கூடாது. எங்களுடைய வில்லங்கம் வேறு. கிராமம் ஓரிடம், ஆஸ்பத்திரி ஓரிடம், பெரிய ஆஸ்பத்திரி இன்னோரிடம். கொக்கிளாயில் இருக்கிற ஒரு தாய்க்கு முல்லைத்தீவே தூரம். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். எதை வாங்குவது என்பதை இந்தத் தூரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, பெட்டிக்கு என்ன நியாயம்? நிறைய இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கும், தாய் தீவிர சிகிச்சையில் கிடக்கிற பிள்ளைக்கும், சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளைக்கும் பெட்டி வேண்டும். வன்னி வெயிலில் பிள்ளைக்கு எங்கே குளிரப் போகிறது என்று கேட்கிறவர்கள், ஈரத்தோடு பிறந்த ஒன்றரைக் கிலோப் பிள்ளையை ஃபான் காற்றுக்குக் கீழே ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பில்லாத பிள்ளை சித்திரை மாதத்திலும் குளிரும். உடல் வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டிய நிலை.

ஆனால் பெட்டி பெட்டியாக மட்டும் வருவதில்லை. ஈரப்பதன் தொட்டிக்குச் சுத்தமான நீர் வேண்டும். ஒழுங்காகக் கழுவாவிட்டால் அதுவே கிருமி வளர்க்கும். கரண்ட் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஓடின அந்த நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருக்கிற பெட்டிகள் போதாது என்று குறைமாதப் பிள்ளைகளின் பிரிவுக்கு, அதாவது பி.பி.யு.வுக்கு, பொறுப்பான மிசி (தாதி) சொன்னால் வாங்கலாம். அவவிடம் கேளாமல் கப்பலேற்றக் கூடாது.

அடுத்தது பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறை. கங்காருப் பராமரிப்பு என்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கியது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட, கிருமி பரவிப் பிள்ளைகள் சாக, எட்கார் ரேய் என்ற டொக்டர் தாயையே பெட்டியாக்கினார். வேறு வழியில்லாமல் செய்தது. அதனாலேயே நெடுங்காலம் இதை ஏழை நாட்டு வைத்தியம் என்று பலர் ஒதுக்கிவைத்தார்கள். பிள்ளை முதலில் பெட்டியில் தேறட்டும், பிறகு தாயிடம் கொடுப்போம் என்பதே வழக்கமாக இருந்தது.

அந்த 'முதலில் தேறட்டும்' என்பது சரிதானா என்றுதான் உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஆஸ்பத்திரிகளில் சோதித்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். ஒரு பகுதிக்குப் பிறந்த உடனேயே மார்பு. மற்றப் பகுதிக்கு வழமைப்படி தேறிய பிறகு. முடிவு 2021 மே மாதம் வந்தது. காத்திருந்த பகுதியில் 28 நாளுக்குள் இறந்தவை 15.7 வீதம், உடனே மார்பில் வைத்த பகுதியில் 12 வீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால், இனியும் ஒரு பகுதிப் பிள்ளைகளைக் காக்கவைப்பது நியாயமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். கிருமித் தொற்றும் குறைந்தது, உடம்பு குளிர்வதும் குறைந்தது. அடுத்த வருடமே, எட்டு மணித்தியாலத்திலிருந்து இருபத்துநாலு வரை, முடிந்தளவு நேரம் மார்பில் வையுங்கள் என்று அந்த நிறுவனம் புதிய வழிகாட்டல் கொடுத்தது.

இந்த ஆய்வில் என் கண்ணில் பட்டது இறப்பு வீதம் இல்லை, கட்டில். அந்த ஐந்து ஆஸ்பத்திரிகளிலும் தாயின் கட்டிலைப் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட்டார்கள். அப்படிப் போட்டதால்தான் ஒரு பிள்ளைக்கு நாளுக்குப் பதினேழு மணித்தியாலம் அளவில் மார்பு கிடைத்தது. மற்றப் பகுதிக்கு தீவிர சிகிச்சையில் இருந்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம்தான். ஒட்சிசனும் மூச்சுக் கருவியும் மருந்தும் இரண்டு பகுதிக்கும் ஒன்றுதான்.

இந்த முறை எங்கள் மிசிமாருக்குத் தெரியாதது இல்லை. இலங்கையில் பல காலமாகச் செய்வதுதான். இல்லாதது இடமும் கதிரையும். என் தங்கையின் மகள் 31ஆம் வாரத்தில் பெற்றா. பிள்ளை ஒரு கிலோ 420 கிராம். வெட்டி எடுத்த பிள்ளை. தாய் ஒரு வோட்டில், பிள்ளை வேறு கட்டிடத்து பி.பி.யு.வில். தையலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையில் பீச்சிய பாலோடு சின்ன சில்வர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அந்த நடைபாதையால் போய் வருவா. உள்ளே இருப்பதற்குக் கைபிடி இல்லாத பிளாஸ்டிக் கதிரை ஒன்று. அதில் நிமிர்ந்திருந்து பிள்ளையை மார்பில் வைத்தால் அரை மணித்தியாலத்தில் இடுப்பு விட்டுப்போகும். எழும்பிவிடுவா. ஐந்தாம் நாள் தாய்க்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு வெட்டவில்லை. வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. பிறகு மூன்று கிழமை காலைப் பஸ்சில் வருவதும் பின்னேரப் பஸ்சில் போவதும்தான். இரவு முழுக்கப் பிள்ளை பெட்டியில் தனிய, தாய் வீட்டில் பால் கட்டி அழுதபடி. தகப்பன் உழவு மெசின் ஓட்டுகிறவர். முதல் ஐந்து இரவும் ஆஸ்பத்திரி மதிலோரம் சிநேகிதனின் ஓட்டோவுக்குள் படுத்தார். பிள்ளை தப்பிவிட்டது, இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறது. அந்த மூன்று கிழமையில் பெட்டிக்குக் குறைவில்லை. தாய் தங்க ஓரிடம்தான் இல்லை.

இனி மூச்சுக் கருவி. சங்கத்தில் படித்த தம்பிமார் இரண்டு பேர் கேட்பது பபிள் சீபாப். நியாயமான யோசனை. குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மூக்கால் மெல்லிய அழுத்தத்தில் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் அது திறந்தபடி நிற்கும். வெளிவரும் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் ஐந்து சென்ரிமீற்றர் தாழ்த்தினால் அழுத்தமும் அந்தளவு. குமிழி வந்தால் வேலை செய்கிறது என்று கண்ணாலேயே தெரியும். இவ்வளவு எளிய பொறி மருத்துவத்தில் குறைவு. மலாவியில் ப்ளான்ரைர் நகர ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டிய பிள்ளைகளில் ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் 44 வீதமும் இந்தக் கருவியும் பெற்றவர்களில் 71 வீதமும் தப்பினார்கள் என்று 2014இல் எழுதினார்கள்.

அதே மலாவியில் சிறிய மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் நிமோனியா வந்த சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, ஒரு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், சீபாப் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே நாள் முழுக்க டொக்டர் பக்கத்தில் இல்லை. 2019இல் வந்த முடிவு தலைகீழ்: சீபாப் பெற்றவர்களில் 17 வீதம் இறப்பு, சாதாரண ஒட்சிசனில் 11 வீதம். வயதும் நோயும் வேறு என்பதால் குறைமாதப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாத இடத்துக்குப் போகிற கருவி, ஆள் நிற்கிற இடத்தில் செய்த வேலையைச் செய்யாது என்பது விளங்குகிறது. இன்னொன்று, கலப்பில்லாத ஒட்சிசனை அளவில்லாமல் விட்டால் குறைமாதப் பிள்ளையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகலாம். காற்றோடு கலக்கும் கருவியும், இரத்தத்தில் ஒட்சிசனைப் பார்க்கும் சின்னக் கருவியும் கூடவே வராவிட்டால் சீபாப் வாங்கக்கூடாது. எனவே இது சங்கத்தின் தெரிவாக இருக்கக்கூடாது. பிள்ளை நோய் நிபுணர் எழுத்தில் கேட்டால் மட்டும் பார்க்கலாம்.

இடம் மாறினால் மருந்துகூட மாறிவிடும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டீரொயிட் ஊசி. குறைமாதத்தில் பெறப் போகிற தாய்க்கு முன்கூட்டியே போட்டால் பிள்ளையின் நுரையீரல் முதிரும். மருந்து மலிவு; எங்கள் களஞ்சியத்திலேயே இருந்தது. ஆறு நாடுகளில் கிராமமட்டம்வரை இதைப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. மொத்தப் பிறப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது பிள்ளை இறப்பு குறையவில்லை, கூடியது. ஐந்து வருடம் கழித்து வசதியான ஆஸ்பத்திரிகளில், வயிற்றில் எத்தனை வாரம் என்று ஸ்கான் பண்ணிச் சரியாகத் தெரிந்த தாய்மாருக்கு மட்டும் கொடுத்தபோது இறப்பு 23.5 வீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து ஒன்றேதான்.

பயிற்சிக்கு வருவோம். பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சு எடுக்கக் கொஞ்சம் உதவி வேண்டும். துடைத்து முதுகைத் தேய்த்தாலே பெரும்பாலானவை அழும். சிலதுக்கு முகமூடி வைத்து, கையால் அமுக்கும் 'அம்பு' என்ற பையால் காற்று ஊட்ட வேண்டும், அதுவும் முதல் நிமிடத்துக்குள். தன்சானியாவில் இந்தப் பயிற்சியைப் பரப்பியபோது முதல் நாள் இறப்பு ஆயிரத்துக்கு 13.4இலிருந்து 7.1 ஆனது என்று 2013இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே நாட்டில் ஹைடொம் என்ற கிராமப்புற ஆஸ்பத்திரியில் ஒருநாள் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பழகுவதற்கு வைத்த பிள்ளைப் பொம்மையில் எல்லோரும் கெட்டிக்காரர் ஆனார்கள். பிரசவ அறையில் ஒன்றும் மாறவில்லை. பிறகு பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்து, வேலைக்கிடையில் அடிக்கடி சில நிமிடம் பழகச் சொன்னார்கள். அதன் பிறகுதான் இறப்பு குறைந்தது.

இங்கே பயிற்சிப் பட்டறை என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, மதியம் புரியாணி, பின்னேரம் சான்றிதழ். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு பொம்மையும் அளவளவான முகமூடிகளும் வாங்கிப் பிரசவ அறை மேசையில் வைப்போம். முகமூடி அளவு முக்கியம். குறைமாதப் பிள்ளைக்குப் பெரிய முகமூடி வைத்தால் காற்றெல்லாம் கன்னத்தால் போகும். களஞ்சியத்தில் எப்போதும் முதலில் முடிந்துபோவது மிகச் சின்ன அளவுதான்.

அம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்போம் என்ற யோசனையை விட்டுவிடலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. வாகனத்துக்கு எண்ணெயும் ஓட்டுநருக்குச் சம்பளமும் சங்கத்தால் நெடுக ஏலாது. போக்குவரத்து முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டு நாளில், 2022 மே மாதம், மலைநாட்டில் ஹல்துமுல்லைப் பக்கம் மஞ்சள் பிடித்த இரண்டு நாள் பிள்ளை, தகப்பன் பெற்றோல் தேடி அலைந்த நேரத்தில் இறந்ததை நாடே பேசியது. ஆனால் குறைமாதப் பிள்ளையை ஏற்றி இறக்குவதற்கு எந்த வாகனத்தையும்விடத் தாயின் வயிறுதான் பாதுகாப்பு. முன்கூட்டியே நோவு வந்த தாயைப் பெறுவதற்கு முதலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் நல்லது. அப்படி அனுப்பும்போது குடும்பங்கள் தயங்குவது எதனால்? யாழ்ப்பாணத்தில் தங்க ஆள் இல்லை, கையில் காசில்லை, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் கையில் கொடுக்க இருபதாயிரம் ரூபாய் இருந்தால் தயக்கம் பாதி குறையும்.

வீட்டுக்குப் போன பிறகு? மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டொக்டர்களான பாங் தம்பதியினர் கிராமத்துப் பெண்களைப் பழக்கி வீடுவீடாக அனுப்பிப் பிள்ளை இறப்பை மூன்றாம் வருடத்தில் 62 வீதத்தால் குறைத்தார்கள் என்பது 1999இல் வந்த பெரிய செய்தி. எங்களுக்கு அந்த வேலையைச் செய்யக் குடும்பநல மாது ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறா. புதிதாக ஒன்றும் தொடங்கத் தேவையில்லை. ஆனால் ஹரியானாவில் 8,402 பிள்ளைகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு எங்களுக்குப் பொருந்தும். ஒன்றரைக் கிலோவிலிருந்து 2.25 கிலோ வரையான பிள்ளைகளை வீட்டிலேயே மார்பில் கட்டச் சொல்லிக் கொடுத்ததில், முதல் 28 நாள் இறப்பு முப்பது வீதமளவு குறைந்தது. இலங்கையிலும் நிறை குறைந்து பிறப்பவர்கள் ஏறத்தாழ 16 வீதம். அவர்களில் பலர் இரண்டு கிலோவைச் சுற்றித்தான்.

இதில் எங்கள் வழக்கமும் உதவும். மருத்துவம் 28 நாள் எண்ணுகிறது, நாங்கள் துடக்கு என்று 31 நாள் எண்ணுகிறோம். அந்த ஒரு மாதம் தாய்க்கு அடுப்படியும் இல்லை, கிணற்றடியும் இல்லை. துடக்கை நான் நம்புகிறவன் இல்லை, ஆனால் பிள்ளையை நாள் முழுக்க மார்பில் வைத்திருக்க இதைவிட நேரம் எப்போது கிடைக்கும்? அம்மம்மாமார்தான் "நெஞ்சில வைச்சுச் சூடு பழக்காதை" என்பார்கள். குடும்பநல மாது தாய்க்குச் சொல்லுவதை அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னால் அரைவாசி வேலை முடிந்தது. தாய் குளிக்கப் போகும்போது அம்மம்மாவோ தகப்பனோ வாங்கி வைத்திருக்கலாம். மார்பு யாருடையது என்று பிள்ளையின் உடம்புச் சூடு பார்ப்பதில்லை.

ஆக, என் கணக்கு இது. பெட்டி வேண்டாம். பதினைந்து இலட்சத்தை தாய்மார் தங்கும் அறைக்குப் போடுவோம். பி.பி.யு.வுக்குப் பக்கத்தில் நான்கு கட்டில், ஒரு குளியலறை, பால் பீச்சி வைக்கச் சின்னக் குளிர்சாதனப் பெட்டி. கட்டிடம் புதிதாகக் கட்டப் போனால் அனுமதிக்கே இரண்டு வருடம் போகும். இருக்கிற அறை ஒன்றைத் திருத்தலாமா என்று பிராந்திய சுகாதாரப் பணிமனையிடம் கேட்க வேண்டும். ஐந்து இலட்சம் கதிரை, பொம்மை, முகமூடிகளுக்கு. மீதிப் பத்தையும் வங்கியில் போட்டு, ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்தின் மூலம் இரண்டு வேலைக்கு எடுப்போம்: மாற்றி அனுப்பப்படும் தாயின் குடும்பத்துக்குக் கைச்செலவு, இருக்கிற பெட்டிகளுக்கு அறுந்த வயர் மாற்றுவது. அந்தக் கடைசி வரியில் சங்கத்தின் பெயர் ஒட்ட இடமில்லை என்று தலைவர் அண்ணைக்குக் கவலை வரும். கட்டில் தலைமாட்டில் எழுதலாம், அண்ணை.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, மறைக்க மாட்டேன். தாயை உள்ளே எடுத்தால் கிருமியும் சேர்ந்து வராதா? ஐந்து நாட்டு ஆய்வில் தொற்று குறைந்ததே தவிரக் கூடவில்லை. ஆனாலும் கை கழுவும் தொட்டியும் சவர்க்காரமும் வாசலிலேயே இருக்க வேண்டும். பார்வையாளர் கூட்டம் வேறு, தாய் வேறு என்பதை வாசல் காவலாளிக்கும் விளங்கப்படுத்த வேண்டும். ஆள் பற்றாத வோட்டில் தாய்மாரைப் பழக்குகிற வேலையும் மிசியின் தலையில்தான் விழும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முதல் அவவிடம் போனேன்.

கதிரைக்குக் கிளிநொச்சித் தச்சர் ஒருவரிடம் கதைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரை மாதிரித்தான், ஆனால் துணி இல்லை, துடைக்கக்கூடிய றெக்சீன். கைப்பிடி அகலமாக வேண்டும், தையல் நோவோடு ஊன்றி எழும்ப. சாய்வு எவ்வளவு என்று மிசியிடம் கேட்டேன். கை வேலையை விடாமலே சொன்னா: "பிள்ளையின்ர தலை தாயின்ர நாடிக்குக் கீழ வரவேணும், குனிஞ்சால் கொஞ்சுறதுக்கு எட்டவேணும். அதை விட்டுட்டு நீங்கள் பாகை கணக்குப் பார்க்காதேங்கோ." வருகிற வியாழன் தச்சரைக் கூட்டிக்கொண்டு அளவெடுக்கப் போகிறேன்.